கிரயமா, அபகரிப்பா?

இரண்டு இதழ்களுக்கு முன் ஒரு வாசகர், "லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ, சான்டா ஃபே என்று அமெரிக்க ஊர்களுக்கு ஏன் இத்தனை ஸ்பானியப் பெயர்கள்?" என்று கேட்டிருந்தார். "வீட்டைப் பிடுங்கியவர்கள் வாசலில் இருந்த பழைய பெயர்ப்பலகையைக் கழற்றவில்லை" என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். வந்து சேர்ந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். டெக்ஸாஸில் மகன் வீட்டில் தங்கியிருக்கும் பெரியவர் ஒருவர் நான்கு பக்கம் எழுதி, கடைசியில் "தங்கள் மீது மதிப்பு குறையவில்லை" என்று வேறு சேர்த்திருக்கிறார். குறைந்திருந்தால் எட்டுப் பக்கம் வந்திருக்கும் போலிருக்கிறது. ஆகவே இந்த இதழில் சமையல், சர்க்கரை நோய், வாஸ்து ஆகிய கேள்விகளுக்கு விடுப்பு.

வாசகர், கோயம்புத்தூர்: பிடுங்கினார்கள் என்கிறீர்கள். 1848இல் முறையாக ஒப்பந்தம் போட்டு, மெக்சிகோவுக்கு 1.5 கோடி டாலர் கொடுத்துத்தானே அமெரிக்கா அந்த நிலத்தை வாங்கியது? விலை கொடுத்து வாங்கியதைப் பிடுங்கல் என்பது நியாயமா, ஐயா?

பத்திரப் பதிவுத் துறையில் 31 ஆண்டுகள் உட்கார்ந்து எழுந்தவனிடம் கேட்டிருக்கிறீர்கள். நன்றி.

ஒரு கிரயப் பத்திரம் எங்கள் மேஜைக்கு வந்தால், எழுதிக்கொடுத்தவரிடம் சார்பதிவாளர் கேட்டாக வேண்டும்: இது நீங்கள் எழுதிக்கொடுத்ததுதானா, பணம் வாங்கிக்கொண்டீர்களா என்று. ஒருமுறை ஒரு மூதாட்டி, பதில் சொல்லுமுன் பின்னால் நின்ற மருமகனைத் திரும்பிப் பார்த்தார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டு, மருமகனை வெளியே போய் டீ குடித்துவிட்டு வரச் சொன்னேன். அவர் படியிறங்கியதும் மூதாட்டி அழ ஆரம்பித்தார். அன்று அந்தப் பத்திரம் பதிவாகவில்லை. (நான் விடுப்பில் போன ஒரு நாளில் பதிவாகிவிட்டது என்று பிற்பாடு தெரிந்தது. அது வேறு வயிற்றெரிச்சல்.)

இப்போது 1848 பிப்ரவரி 2ஆம் தேதிக்கு வாருங்கள். இடம், மெக்சிகோ நகரத்துக்கு வெளியே இருந்த குவாடலூப் ஹிடால்கோ. தலைநகரத்தில் கையெழுத்திட முடியவில்லை. ஏனென்றால் 1847 செப்டம்பர் 14 முதல் அங்கே அமெரிக்கக் கொடி பறந்துகொண்டிருந்தது. மெக்சிகோ அரசாங்கம் கெரெட்டாரோ என்ற ஊருக்குப் போய் ஒதுங்கியிருந்தது. வேரா குரூஸ் துறைமுகத்தைக் குண்டு வீசிப் பிடித்து, அங்கிருந்து மலையேறி வந்த ஸ்காட் என்ற தளபதியின் படை நகர வீதிகளில் காவல் நின்றது. இந்தக் கிரயத்தில் மருமகன் டீ குடிக்கக்கூட வெளியே போகவில்லை.

விலையையும் பார்த்துவிடுவோம். போருக்கு முன்பு, 1845 கடைசியில், அமெரிக்க அதிபர் போல்க் ஸ்லைடெல் என்பவரை மெக்சிகோவுக்கு அனுப்பினார். கலிபோர்னியாவும் நியூ மெக்சிகோவும் விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டுவர. கலிபோர்னியாவுக்கு மட்டும் 2.5 கோடி டாலர் வரை போகலாம் என்று அவருக்கு அதிகாரம் இருந்தது. மெக்சிகோ அவரைச் சந்திக்கவே மறுத்தது. அதன்பின் போர் வந்தது. போர் முடிந்தபோது கலிபோர்னியா, நெவாடா, யூட்டா, அரிசோனாவின் பெரும்பகுதி, நியூ மெக்சிகோ, கொலராடோ, வயோமிங் ஆகியவற்றில் பகுதிகள் என எல்லாம் சேர்த்து 1.5 கோடி. கூடவே, மெக்சிகோ அமெரிக்கக் குடிமக்களுக்குத் தர வேண்டிய பாக்கியில் 32.5 லட்சம் டாலர் வரை அமெரிக்க அரசே ஏற்றுக்கொண்டது. 1.5 கோடியும் ரொக்கம் அல்ல. 30 லட்சம் உடனே, மீதி தவணையில்.

கை மாறிய நிலம் சுமார் 13.6 லட்சம் சதுர கிலோமீட்டர். ஏக்கரில் சொன்னால் ஏறக்குறைய 33 கோடியே 60 லட்சம். வகுத்துப் பாருங்கள்: ஏக்கருக்கு ஐந்து சென்ட்கூடத் தேறவில்லை. நிலக்கணக்குச் சென்ட் இல்லை, காசுக்கணக்குச் சென்ட்.

வாங்கியவர் தரப்பில் கையெழுத்திட்டவர் யார் என்று பார்த்தால் இன்னும் விசேஷம். நிக்கலஸ் டிரிஸ்ட் என்பவர். முன்னாள் அதிபர் ஜெபர்சனின் பேத்தியை மணந்தவர். "பேச்சுவார்த்தையை நிறுத்திவிட்டுத் திரும்பி வா" என்று போல்க் அனுப்பிய உத்தரவு 1847 நவம்பரில் அவர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. போல்க்குக்கு இன்னும் அதிக நிலம் வேண்டும் என்ற ஆசை வந்திருந்தது. டிரிஸ்ட் திரும்பவில்லை. தாம் ஏன் திரும்பப்போவதில்லை என்று 65 பக்கக் கடிதம் எழுதி அனுப்பிவிட்டு (டெக்ஸாஸ் பெரியவர் கவனிக்க), உத்தியோகம் போன நிலையிலேயே ஒப்பந்தத்தை முடித்தார். கையெழுத்தின்போது மெக்சிகோ தரப்பின் கூட்டோ, "இது உங்களுக்குப் பெருமையான நேரம், எங்களுக்கு அதே அளவு அவமானமான நேரம்" என்ற பொருளில் சொன்னாராம். "நாம் சமாதானம் செய்கிறோம், அதை மட்டும் நினைப்போம்" என்றாராம் டிரிஸ்ட். ஓர் அமெரிக்கனாக அந்த நேரத்தில் தாம் பட்ட வெட்கம் மெக்சிகோக்காரர்கள் பட்டதைவிடப் பெரியது என்று பின்னாளில் வீட்டில் சொல்லியிருக்கிறார். அவர் மனைவியின் கடிதம் ஒன்று அதைப் பதிவு செய்திருக்கிறது. போல்க் அவரைத் துரத்திவிட்டார். சேர வேண்டிய சம்பளம் 1871இல்தான் கைக்கு வந்தது.

நான் சார்பதிவாளராக இருந்தால் இந்தப் பத்திரத்தைப் பதிவு செய்யமாட்டேன். பதிவு செய்யாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அடுத்த பிரச்சினை: முழு மெக்சிகோவையும் விழுங்கிவிட வேண்டும் என்று வாஷிங்டனில் ஒரு கூட்டம் கூவிக்கொண்டிருந்தது. டிரிஸ்ட் பயந்தது அதற்குத்தான்.

கல்லூரி மாணவி, திருச்சி: போரைத் தொடங்கியது மெக்சிகோதான் என்று படித்தேன். அமெரிக்க வீரர்களை முதலில் கொன்றது அவர்கள்தானே?

முதலில் சுட்டது அவர்கள்தான். எங்கே வைத்துச் சுட்டார்கள் என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

டெக்ஸாஸ் என்ற மாகாணத்துக்கு ஸ்பெயின் காலத்திலும் மெக்சிகோ காலத்திலும் தெற்கு எல்லை நியூசஸ் ஆறு. மெக்சிகோவிலிருந்து பிரிந்து போன டெக்ஸாஸ்காரர்கள், "இல்லை, அதற்கும் தெற்கே ரியோ கிராண்டே ஆறுதான் எங்கள் எல்லை" என்று காகிதத்தில் எழுதிக்கொண்டார்கள். இரண்டு ஆறுகளுக்கும் நடுவில் இருந்தது அவர்கள் ஒருநாளும் ஆண்டிராத நிலம். 1845 டிசம்பரில் டெக்ஸாஸை அமெரிக்கா தன்னோடு சேர்த்துக்கொண்டது. 1846 ஜனவரியில் டெய்லர் என்ற தளபதியைப் படையோடு அந்த நடு நிலத்துக்குள் போகச் சொன்னார் போல்க். அவர் போய், மெக்சிகோ ஊரான மத்தமோரஸுக்கு நேர் எதிர்க்கரையில் கோட்டை கட்டி, பீரங்கி வாயை ஊரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். பக்கத்து வீட்டுச் சுவர் ஓரமாக நின்று கத்தி தீட்டுவது என்று நம் ஊரில் சொல்லும் வேலை இது.

ஏப்ரல் 25ஆம் தேதி ரோந்து போன அமெரிக்கக் குதிரைப்படைக் குழு ஒன்றை மெக்சிகோ படை தாக்கியது. பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செய்தி வாஷிங்டனுக்கு வந்தது மே 9, சனிக்கிழமை மாலை. அன்று பகலிலேயே அமைச்சரவையைக் கூட்டி, போர் கேட்டு காங்கிரசுக்குச் செய்தி அனுப்புவது என்று போல்க் முடிவெடுத்துவிட்டார். அதாவது, ஒருவர்கூடச் செத்த செய்தி வராமலேயே! நான் சொல்லவில்லை, அவர் நாட்குறிப்பு சொல்கிறது. காரணம் சற்று மெலிந்திருந்தது. மாலையில் வந்த தபால் அதற்குச் சதை போட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு நாளில் வேலை செய்ய நேர்ந்ததே என்று வருந்தியபடி அறிக்கை எழுதினார். திங்களன்று, "அமெரிக்க மண்ணில் அமெரிக்க இரத்தம் சிந்தப்பட்டுவிட்டது" என்று காங்கிரசிடம் சொன்னார். பிரதிநிதிகள் சபையில் 174க்கு 14, மேலவையில் 40க்கு 2. போர்.

அந்தப் படையிலேயே இருந்த ஹிட்ச்காக் என்ற கர்னல், சண்டை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே தம் நாட்குறிப்பில், இங்கே இருப்பதற்கு நமக்கு அணுவளவும் உரிமை கிடையாது என்று எழுதி வைத்திருக்கிறார். அடுத்த ஆண்டு இறுதியில் இலினாயிலிருந்து புதிதாக வந்த ஒல்லியான உறுப்பினர் ஒருவர் சபையில் எழுந்து, "இரத்தம் சிந்திய அந்த இடம் எது? அது நம் மண்தானா? காட்டுங்கள்" என்று எட்டுத் தீர்மானங்கள் கொண்டுவந்தார். கேலி செய்தார்கள். அவர் பெயர் ஆபிரகாம் லிங்கன்.

சர்வே எண்ணைக் கேட்டார் மனிதர். அதைக் கொடுக்காமல் எந்த வில்லங்கச் சான்றும் கிடைக்காது.

வாசகர், மதுரை: 19ஆம் நூற்றாண்டில் வலுத்தவன் எடுத்துக்கொள்வதுதான் உலக வழக்கம். இன்றைய அளவுகோலை வைத்து அன்றைய மனிதர்களை அளக்கலாமா?

அளக்க வேண்டாம். அன்றைய அளவுகோலையே எடுப்போம்.

1848 ஜனவரி 3ஆம் தேதி அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை, இந்தப் போர் "தேவையில்லாமலும் அரசியல் சட்டத்துக்குப் புறம்பாகவும்" அதிபரால் தொடங்கப்பட்டது என்று 85க்கு 81 வாக்குகளில் சொன்னது. போர் இன்னும் முடியவில்லை. ஜெயித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரத்தில்!

எதிர்த்து ஓட்டுப் போட்ட 14 பேரில் ஒருவர் ஜான் குவின்சி ஆடம்ஸ், முன்னாள் அதிபர். 1848 பிப்ரவரியில், அந்தப் போரின் தளபதிகளுக்கு மரியாதை செய்யும் தீர்மானம் வந்தபோது, 80 வயதில், "கூடாது" என்று குரல் கொடுத்துவிட்டு நாற்காலியிலேயே சரிந்தார். இரண்டு நாளில் போய்விட்டார்.

போர் நடந்த முதல் கோடையில், மசாசூசெட்ஸில் தோரோ என்ற இளைஞர், அடிமை முறையையும் இந்தப் போரையும் நடத்தும் அரசுக்குத் தலைவரி கட்ட மாட்டேன் என்று ஒரு இரவு சிறையில் இருந்தார். அந்த அனுபவத்தை வைத்து அவர் எழுதிய கட்டுரையைத் தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தி படித்து, 1907இல் தம் பத்திரிகையில் எழுதினார். (சத்தியாக்கிரகத்தையே காந்தி அங்கிருந்துதான் எடுத்தார் என்று சிலர் நீட்டுவார்கள். அது சரியில்லை. போராட்டம் அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கிவிட்டது.)

இன்னொருவர் யுலிசிஸ் கிராண்ட். இந்தப் போரில் இளம் லெப்டினன்டாகப் போய்ச் சண்டை போட்டவர். பின்னால் உள்நாட்டுப் போரின் தளபதி, அதன்பின் அதிபர். தொண்டைப் புற்றுநோயோடு போராடிக்கொண்டு எழுதிய நினைவுக் குறிப்பில், வலிமையான நாடு ஒன்று மெலிந்த நாட்டின் மேல் நடத்திய போர்களில் மிக அநியாயமானவற்றில் இது ஒன்று என்கிறார். உள்நாட்டுப் போரே இந்தப் போரின் பிள்ளைதான், மனிதர்களைப் போல நாடுகளும் செய்த பாவத்துக்குத் தண்டனை அனுபவிக்கின்றன என்றும் எழுதுகிறார்.

எதிர்த்தவர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தெற்குக் கரோலினாவின் கால்ஹூன், முழு மெக்சிகோவையும் சேர்க்கக் கூடாது என்று மேலவையில் முழங்கினார். காரணம், நம்முடையது வெள்ளையர் அரசாங்கம், அந்தக் கலப்பு இனத்தாரை உள்ளே விடக் கூடாது என்பது. நிலம் வேண்டும், ஆள் வேண்டாம். கடைசியில் எல்லைக் கோடு போடப்பட்டது ஏறக்குறைய அப்படித்தான்: ஆள் குறைவாக இருந்த வடக்கு இவர்களுக்கு, ஜனம் நிறைந்த தெற்கு அவர்களுக்கு.

ஆக, அன்று யாருக்கும் தெரியாது என்று சொல்லாதீர்கள். தெரிந்திருந்தது. தெரிந்தவர்கள் சொன்னார்கள், அச்சிலும் வந்தது. 1845இல் ஓசல்லிவன் என்ற பத்திரிகையாளர், கண்டம் முழுவதும் பரவுவது தங்களுக்குக் கடவுள் எழுதிவைத்த கண்கூடான விதி என்று எழுதியதைத்தான் பள்ளிப் புத்தகங்கள் முதலில் எடுத்துப் போடுகின்றன. விதி எழுதியதென்றால் மூலப் பத்திரம் கேட்க முடியாதே.

டெக்ஸாஸில் மகன் வீட்டிலிருந்து எழுதும் பெரியவர்: டெக்ஸாஸ் மக்கள் சர்வாதிகாரி சான்டா அன்னாவை எதிர்த்துத் தாங்களே விடுதலை பெற்றவர்கள். அலமோ கோட்டையைப் பார்த்தீர்களா? பிறகு அவர்களாகவே விரும்பி அமெரிக்காவில் சேர்ந்தார்கள். இதில் பிடுங்கல் எங்கே?

நான்கு பக்கத்தின் சாரம் இதுதான் என்று நம்புகிறேன். உங்கள் வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது, அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன். மெக்சிகோ அதிபர் சான்டா அன்னா 1824ஆம் ஆண்டின் கூட்டாட்சி அரசியல் சட்டத்தைத் தூக்கிப்போட்டார். சகாடெகாஸ் மாநிலமும் எதிர்த்து எழுந்தது, பிற்பாடு யூகட்டானும் எழுந்தது. 1836இல் அலமோவிலும் கோலியாடிலும் எதிர்த்தவர்களை அவர் படை கொன்றுபோட்ட விதத்துக்கு யாரும் வக்காலத்து வாங்க முடியாது.

மறு பாதி. அந்தக் குடியேறிகளைக் கூப்பிட்டது மெக்சிகோதான். 1820களில் அமெரிக்காவில் அரசு நிலம் ஏக்கர் 1.25 டாலர், ரொக்கம். டெக்ஸாஸிலோ ஒரு குடும்பத்துக்கு 4,428 ஏக்கர் மேய்ச்சல் நிலம், 177 ஏக்கர் விளைநிலம், கட்டணமாகக் கொஞ்சம் காசு. நிபந்தனை: மெக்சிகோ குடிமகன் ஆக வேண்டும், கத்தோலிக்கர் ஆக வேண்டும். ஸ்டீபன் ஆஸ்டின் 300 குடும்பங்களோடு வந்தார். அப்புறம் வந்தவர்களில் பலர் நிபந்தனையைக் கதவுக்கு வெளியே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள்.

1829 செப்டம்பரில் அதிபர் கெரேரோ அடிமை முறையை ஒழித்தார். அவரே ஆப்பிரிக்க வம்சாவளி உள்ளவர். டெக்ஸாஸ் குடியேறிகள் கூச்சலிட்டு விலக்கு வாங்கினார்கள். மாகாணச் சட்டங்கள் நெருக்கியபோது அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்குத் தொழில் ரீதியில் வியப்பளிக்கிறது: அடிமையை எல்லைக்கு அந்தப்புறமே, "99 ஆண்டுகள் வேலை செய்கிறேன்" என்று ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கச் சொல்வார்கள். இந்தப்புறம் வந்தால் அவன் அடிமை இல்லை, ஒப்பந்தக்காரன். இப்படி எழுதத் தெரிந்த ஆவண எழுத்தர் எந்த நாட்டிலும் பட்டினி கிடக்க மாட்டார்.

1830 ஏப்ரல் 6ஆம் தேதி மெக்சிகோ கதவைச் சாத்தியது. அமெரிக்காவிலிருந்து இனிக் குடியேறக் கூடாது என்று சட்டம். ஆனாலும் ஆற்றைக் கடந்து, சட்டத்துக்குப் புறம்பாக, ஆயிரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தார்கள். இந்த வாக்கியத்தை நாடுகளின் பெயரை மாற்றி இன்றைய செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருப்பீர்கள்! 1836 வாக்கில் ஆங்கிலம் பேசும் குடியேறிகள் சுமார் 30,000. அடிமைகள் சுமார் 5,000. அந்த மண்ணிலேயே பிறந்த ஸ்பானிய மொழிக்காரர்கள், தெஹானோக்கள், சில ஆயிரம் பேர். அந்த ஆண்டு மார்ச்சில் விடுதலை அறிவித்தவர்கள் எழுதிய அரசியல் சட்டம், அடிமைகளை விடுவிக்கக் காங்கிரசுக்கு அதிகாரம் இல்லை என்கிறது. சுதந்திரமான கறுப்பர் காங்கிரஸ் அனுமதி இல்லாமல் நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது என்கிறது. சான்டா அன்னாவிடமிருந்து விடுதலை, சரி. யாருக்கு?

அலமோ பார்த்தேனா என்று கேட்டீர்கள். பார்க்கவில்லை. நீங்கள் அடுத்த முறை சான் அன்டோனியோ போனால் ஹுவான் செகின் என்ற பெயரை விசாரித்துப் பாருங்கள். தெஹானோ. அலமோவுக்குள் இருந்தவர், உதவி கேட்டு வெளியே அனுப்பப்பட்டதால் உயிர் தப்பினார். சான் ஜசின்டோவில் டெக்ஸாஸ் பக்கம் நின்று சண்டை போட்டார். அலமோவில் செத்தவர்களின் சாம்பலைச் சேகரித்து அடக்கம் செய்தவரும் அவரே. ஊர் மேயரும் ஆனார். புதிதாக வந்த குடியேறிகள் அவரைத் துரோகி என்று மிரட்டி, 1842இல் எல்லை தாண்டி ஓட வைத்தார்கள். பிறந்த மண்ணிலேயே அந்நியன் ஆனேன் என்று பின்னால் எழுதினார். அவருக்குப் பிறகு மெக்சிகோ வம்சாவளியில் ஒரு மேயர் சான் அன்டோனியோவுக்கு வந்தது 1981இல்.

எனவே, டெக்ஸாஸைப் பிடுங்கல் என்று நான் சொல்ல மாட்டேன். உள்வாடகைக்கு வந்தவர்கள் வீட்டைத் தங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டு, பிறகு அண்ணனுக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிக்கொடுத்தது. அதற்கு வேறு சொல் இருக்கிறது. இந்தப் பத்திரிகையில் அச்சிட மாட்டார்கள்.

வாசகர், தஞ்சாவூர்: மெக்சிகோவுக்கு மட்டும் அந்த நிலம் எப்படி வந்தது? பூர்வகுடிகளிடமிருந்து ஸ்பெயின் பறித்தது. ஸ்பெயினிடமிருந்து 1821இல் மெக்சிகோவுக்கு வந்தது. திருட்டுச் சொத்தைத் திருடினால் பெரிய குற்றமா?

வந்த கடிதங்களில் இதுதான் என்னை ஒரு நாள் யோசிக்க வைத்தது. மூலப் பத்திரத்தைத் தேடிப் போனால் மெக்சிகோவின் கையும் காலிதான். 1840களில் டெக்ஸாஸின் மேற்கிலும் நியூ மெக்சிகோவின் கிழக்கிலும் உண்மையான அதிகாரம் கொமான்சி மக்களுடையது. அவர்கள் குதிரைப் படை ரியோ கிராண்டேவைத் தாண்டி டுராங்கோ, சகாடெகாஸ் வரை போய்க் கொள்ளையடித்துத் திரும்பியது. வடக்கு மெக்சிகோ வெறிச்சோடிக் கிடந்ததற்கும், அமெரிக்கப் படை அவ்வளவு சுலபமாக உள்ளே போனதற்கும் அது பெரிய காரணம்.

ஆனால் உங்கள் வாதம் அமெரிக்காவுக்கு உதவுமா? நிலத்தைப் பூர்வகுடிகளுக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக வாங்கியிருந்தால் உதவும். 1848 ஒப்பந்தத்தில் அவர்களைப் பற்றி ஒரு ஷரத்து இருக்கிறது, 11ஆவது. அவர்கள் மெக்சிகோவுக்குள் புகுந்து தாக்காமல் அமெரிக்கா பார்த்துக்கொள்ளும் என்பது. விற்ற வீட்டில் எலித் தொல்லை இருந்தால் வாங்கியவர் பொறுப்பு என்பது போல. கலிபோர்னியாவில் அமெரிக்கர் வந்தபோது பூர்வகுடிகள் ஏறக்குறைய 1,50,000 பேர். கால் நூற்றாண்டில் சுமார் 30,000. நோய், பட்டினி, படுகொலை எல்லாம் சேர்ந்து. 1850இல் கலிபோர்னியா போட்ட ஒரு சட்டம் அவர்களை "ஆளவும் பாதுகாக்கவும்" என்று தலைப்பிட்டுக்கொண்டு, அவர்கள் பிள்ளைகளை வெள்ளையர் வீட்டு வேலைக்குப் பிடித்து வைக்க வழி செய்தது. இதைப் படித்த இரவு நான் சரியாகத் தூங்கவில்லை.

பள்ளி மாணவர், சேலம்: சான்டா அன்னாவின் காலை அமெரிக்கர்கள் திருடினார்கள் என்று நண்பன் சொல்கிறான். உண்மையா, சார்?

உண்மை, தம்பி. ஆனால் மரக்கால். 1838இல் பிரெஞ்சுக்காரர்களோடு நடந்த சண்டையில் நிஜக் காலை இழந்தார். அதை 1842இல் ராணுவ மரியாதையோடு மெக்சிகோ நகரில் புதைத்தார். இரண்டே ஆண்டில் கோபம் கொண்ட கூட்டம் அதைத் தோண்டித் தெருவில் இழுத்துப் போனது. செயற்கைக் கால் 1847இல் செர்ரோ கோர்டோ சண்டையில் இலினாய் வீரர்கள் கையில் சிக்கியது. ஸ்பிரிங்ஃபீல்டு ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஓய்வுபெற்ற நில அளவர், நாகர்கோவில்: அங்கே ஏற்கெனவே நிலம் வைத்திருந்த மெக்சிகோக்காரர்களின் பட்டா என்ன ஆயிற்று?

நம் ஆள்! இதற்குத்தான் காத்திருந்தேன்.

ஒப்பந்தத்தின் 10ஆவது ஷரத்து, மெக்சிகோ அரசு கொடுத்த நில மானியங்கள் எல்லாம் செல்லும் என்றது. அமெரிக்க மேலவை அந்த ஷரத்தை அடித்துவிட்டுத்தான் ஒப்பந்தத்தை ஏற்றது. மெக்சிகோ கலவரப்பட, ஷரத்தை எடுத்ததால் மானியங்கள் ரத்தாகிவிடாது என்று கெரெட்டாரோவில் ஒரு குறிப்பு எழுதிக்கொடுத்தார்கள். பின்னால் அந்தக் குறிப்புக்கு மதிப்பில்லை என்று வாதாடினார்கள்.

1851இல் கலிபோர்னியா நிலச் சட்டம். மானியம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இரண்டு ஆண்டுக்குள் ஆணையத்தின் முன் வந்து நிரூபிக்க வேண்டும். தவறினால் அரசு நிலம். என்ன வைத்து நிரூபிப்பது? அவர்கள் ஆவணத்தோடு ஒரு கைப்படம் இணைந்திருக்கும், அதற்கு டிசேனோ என்று பெயர். இங்கே ஒரு ஓக் மரம், அங்கே ஓர் ஓடை, மேற்கே குன்று. நான்கெல்லை சொல்வது நமக்குப் புதிதில்லை, ஆனால் அளந்த விதத்தைக் கேளுங்கள்: 50 வாரா (ஒரு கெஜத்துக்குச் சற்றுக் குறைந்த ஸ்பானிய அளவு) நீளக் கயிறு, இரு முனையிலும் ஒரு கழி, இரண்டு பேர் குதிரையில். ஒருவர் கழியை ஊன்றி நிற்க, மற்றவர் கயிறு நீளும் வரை குதிரையை ஓட்டிப் போய் ஊன்றுவார். பிறகு இவர் அவரைத் தாண்டிப் போவார். மேய்ச்சல் காட்டுக்கு அது போதும். ஒரு லீக் கூடினாலும் குறைந்தாலும் யார் கேட்பது? உங்கள் சங்கிலியையும் தியோடலைட்டையும் அங்கே கொண்டு போயிருந்தால் குதிரைக்காரர்கள் சிரித்திருப்பார்கள்.

ஆனால் 1848 ஜனவரி 24ஆம் தேதி, ஒப்பந்தத்துக்கு ஒன்பது நாள் முன்னால், சட்டர் என்பவரின் மர ஆலையில் தங்கம் கிடைத்திருந்தது. விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. ஜனம் திரண்டது. கயிற்றுக் கணக்கு நீதிமன்றத்துக்குப் போனது. வந்த உரிமைக் கோரிக்கைகள் 813, அவற்றில் பெரும்பாலானவை கடைசியில் ஏற்கப்பட்டன. சட்டம் நியாயமாகத்தானே நடந்தது என்பார்கள். நடந்தது. சராசரியாக 17 ஆண்டுகள் நடந்தது. அதுவரை வக்கீல் கட்டணம், வரி, வட்டி. வழக்கில் ஜெயித்த அன்று நிலம் வக்கீலுடையதாகவோ கடன்காரனுடையதாகவோ இருந்தது. புறம்போக்கில் குடிசை போட்டவர்கள் வேறு நடுவில் உட்கார்ந்திருந்தார்கள்.

மரியானோ வயேஹோ என்று ஒருவர், சொனோமா ஊரில் தளபதி. கலிபோர்னியா அமெரிக்காவோடு சேர்ந்தால் நல்லது என்று வெளிப்படையாகப் பேசியவர். 1846 ஜூன் 14 விடியற்காலை அமெரிக்கக் குடியேறிகள் கூட்டம் ஒன்று, பிற்பாடு கரடிக் கொடி ஏற்றியவர்கள், அவரைக் கைது செய்ய வந்தது. உட்கார வைத்து மது ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டுக் கொண்டுபோய்ச் சட்டர் கோட்டையில் அடைத்தார்கள். அப்போதும் மனம் மாறாமல், 1849இல் கலிபோர்னியாவின் முதல் அரசியல் சட்டத்தை எழுதிய அவையில் உட்கார்ந்தார். லட்சம் ஏக்கருக்கு மேல் இருந்தது அவரிடம். 1890இல் இறந்தபோது வீட்டைச் சுற்றி இருந்த கொஞ்சம்தான் மிச்சம். விரும்பி வரவேற்றவர் கதை இது.

வாசகி, புதுச்சேரி: சரி, அநியாயம் என்றே வைத்துக்கொள்வோம். இப்போது திருப்பிக் கொடுக்க முடியுமா?

180 ஆண்டுக்கு அருகில் ஆகிறது. அங்கே கோடிக்கணக்கானவர்கள் பிறந்து வளர்ந்துவிட்டார்கள், மெக்சிகோ வம்சாவளியினரும் அதில் உண்டு. மெக்சிகோ அரசும் கேட்கவில்லை. 1917இல் ஜெர்மனி, "எங்களோடு சேர், டெக்ஸாஸ், நியூ மெக்சிகோ, அரிசோனாவைத் திரும்ப வாங்கித் தருகிறோம்" என்று ரகசியத் தந்தி அடித்தபோதுகூட மெக்சிகோ அதைத் தொடவில்லை. அநியாயம் என்று ஒப்புக்கொள்வது ஒன்று, பட்டா மாறுதல் இன்னொன்று. முதலாவதைச் செய்யச் செலவில்லை. 1947இல் அதிபர் ட்ரூமன் மெக்சிகோ நகரத்துக்குப் போய், அமெரிக்கப் படையை எதிர்த்துச் செத்த இளம் ராணுவ மாணவர்களின் நினைவிடத்தில் மலர்வளையம் வைத்தார்.

ஆனால் கொஞ்சம் நிலம் உண்மையிலேயே திரும்பியிருக்கிறது. 1848இல் ரியோ கிராண்டே ஆற்றின் நடுவை எல்லை என்று எழுதிவிட்டார்கள். ஆறு எழுதப்படிக்கத் தெரியாதது. 1860களில் வெள்ளம் வந்து, எல் பாசோ ஊருக்கும் எதிர்க்கரை ஹுவாரெஸ் ஊருக்கும் நடுவில் தெற்கே நகர்ந்துவிட்டது. மெக்சிகோக்காரர் ஒருவரின் வயல் அமெரிக்கக் கரையில் போய் நின்றது. அந்த இடத்துக்குச் சமிசால் என்று பெயர். 1911இல் நடுவர் தீர்ப்பு பெரும்பகுதி மெக்சிகோவுக்கு என்றது. அமெரிக்கா ஏற்கவில்லை. 1963இல்தான் உடன்பாடு வந்தது. சுமார் 437 ஏக்கர் மெக்சிகோவுக்குப் போயிற்று, 1967 அக்டோபரில் இரு நாட்டு அதிபர்களும் அங்கே சந்தித்துக் கைகுலுக்கினார்கள்.

அதற்காக எல் பாசோ பக்கத்தில் வீடு காலி செய்தவர்கள் 5,000க்கும் மேல். பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்கள். அந்த இடத்தில் ஆற்றை இப்போது கான்கிரீட் வாய்க்காலுக்குள் ஓட விட்டிருக்கிறார்கள், மறுபடி நகராமல் இருக்க.